ஃபுல்காரி தேடி மால்வாவுக்குத் தனியாகப் போனேன்

போன டிசம்பர் 22 முதல் ஜனவரி 17 வரை, மொத்தம் 27 நாட்கள், பஞ்சாபின் மால்வா பகுதியில் தனியாக அலைந்துவிட்டு வந்தேன். அதில் 11 நாட்கள் பனிமூட்டத்திலும் என் தவறான திட்டத்திலும் வீணாயின. போலித் துணி ஒன்றுக்கு 28,000 ரூபாய், தொலைந்த கைபேசி 16,500, போகாத ரயிலுக்கும் தங்காத அறைக்கும் 7,200, அவசரத்துக்குப் பிடித்த டாக்சிகளுக்கு 4,300. ஆக 56,000 ரூபாய். நான் திருச்சியில் தையலும் பூவேலையும் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். இது எனக்கு ஏழெட்டு மாதச் சேமிப்பு. கிளம்புமுன் யாராவது ஒருவர் இதையெல்லாம் தமிழில் எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று அங்கே ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இனிமேல் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் போனதற்குக் காரணம் ஒரு படம். சைஞ்சி என்ற வகை ஃபுல்காரித் துணியின், அதாவது பஞ்சாபிப் பூவேலைத் துணியின் படம். ஃபுல்காரி என்றதும் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பளபள துப்பட்டாதான் நினைவுக்கு வரும். சைஞ்சி அதுவே இல்லை. மஞ்சிட்டிச் சிவப்பில் தடித்த கதர்த் துணி; அதன்மேல் தண்ணீர் எடுக்கப் போகும் பெண், மோர் கடையும் பெண், ஏர் மாடு, மயில், சீப்பு, காதணி, ஓடுகிற ரயில் வண்டி. ஒரு கிராமத்துப் பெண் கண்ணால் பார்த்ததையெல்லாம் ஊசியால் எழுதிவைத்திருந்தாள். மற்ற ஃபுல்காரி வகைகளில் வடிவங்கள் நூலை எண்ணிப் போடும் கட்டங்கள்தான். சைஞ்சியில் மட்டும் முதலில் கருப்பு மையால் உருவத்தை வரைந்துகொண்டு பிறகு நிரப்புவார்கள். இது மால்வாவின் சொந்தச் சரக்கு. பட்டிண்டா, ஃபரீத்கோட், ஃபிரோஸ்பூர் பக்கத்துப் பெண்களின் கைவேலை. இருபது வருடமாக ஊசி பிடிக்கிற எனக்கு அதை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதல் குழப்பம் பெயரிலேயே வந்தது. மால்வா என்று தேடினால் இந்தூர், உஜ்ஜயினி பக்கத்து மத்தியப் பிரதேச மால்வாதான் முதலில் வரும். மால்வா எக்ஸ்பிரஸ் என்ற ரயில் பஞ்சாப் வழியாகப் போவது உண்மை, ஆனால் அந்தப் பெயர் இந்தூர் மால்வாவுடையது. நான் தேடிய மால்வா சட்லஜ் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. இந்தியப் பஞ்சாபை அங்குள்ளவர்கள் மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். ராவிக்கும் பியாஸுக்கும் நடுவில் மாஜா, அமிர்தசரஸ் அதில் வரும். பியாஸுக்கும் சட்லஜுக்கும் நடுவில் தோஆபா, ஜலந்தர் பக்கம். சட்லஜுக்குக் கீழே உள்ள பெரும்பகுதி மால்வா: லூதியானா, பட்டியாலா, சங்ரூர், பர்னாலா, மான்சா, பட்டிண்டா, முக்த்சர் எல்லாம். நாம் நினைக்கிற பச்சைப் பஞ்சாப் இங்கே ரொம்பச் சமீபத்தியது. 1882இல் ரோபரிலிருந்து சிர்ஹிந்த் கால்வாய் வந்தது. பக்ரா அணை 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன் தெற்கு மால்வா மணல்மேடும் முள்மரமுமாகக் கிடந்த பூமி. கொண்டைக்கடலையும் கம்பும் விளையும். ‘ஜங்கல் தேஸ்’ என்றே பழைய பெயர். மணல்மேடுகளை அவர்கள் ‘டிப்பா’ என்கிறார்கள். டிராக்டர் வந்த பிறகு அவற்றையெல்லாம் நிரவி வயலாக்கிவிட்டார்கள். இப்போது டிப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும்.

இதெல்லாம் அங்கே போய்த் தெரிந்துகொண்டது. கிளம்பும்போது எனக்குத் தெரிந்தது படம் ஒன்றுதான். டிசம்பரில் எனக்கு வகுப்புகள் இல்லை, ஜனவரி 14இல் முக்த்சரில் மாகி மேளா என்ற திருவிழா, இந்த இரண்டையும் சேர்த்து டிக்கெட் போட்டேன். பனிமூட்டம் பற்றி யோசிக்கவே இல்லை. டெல்லியிலிருந்து பட்டிண்டா சுமார் 300 கிலோமீட்டர். ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். பட்டிண்டா போக நான் ஏற வேண்டிய ரயில் டெல்லிக்கு வந்து சேர்வதற்கே ஒன்பது மணி நேரம் தாமதம். நடைமேடையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பயந்துபோய் அந்த டிக்கெட்டை விட்டுவிட்டு, காலையில் வேறு இருவரோடு டாக்சி பங்குபோட்டுப் போனேன். வழியில் எட்டடி தூரத்தில் போகும் டிராக்டர் டிரெய்லர்கூடத் தெரியவில்லை. ஓட்டுநர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

இங்கே இரண்டு விஷயம். நாம் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்த ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்திருக்க வேண்டும். எனக்கு இது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை அங்கே சாலைப் பயணம் என்றால் காலை பதினொன்றுக்குக் கிளம்பி மாலை நான்குக்குள் போய்ச் சேர்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஊர். அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள். நான் மூன்று ஊர்களில் கட்டியிருந்தேன். இரண்டுக்குப் போய்ச் சேரவே முடியவில்லை. பொழுது போக வேண்டுமே என்று வருபவர்கள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை வாருங்கள். கடுகு பூத்திருக்கும், பனி விலகியிருக்கும், கோதுமை அறுப்பு ஆரம்பித்திருக்காது. ஏப்ரலில் வைசாகியை ஒட்டி அறுப்பு. யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஜூனில் நெல் நாற்று நடவு. அக்டோபர் கடைசி, நவம்பரில் வைக்கோல் தாளை எரிக்கும் புகை. நம்மிடம் உள்ள விடுமுறையை விட அவர்களுடைய வயல் நாட்களைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பனியை அங்கே யாரும் திட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோதுமைக்குக் குளிர் வேண்டும். பட்டிண்டாவில் டீக்கடையில் ஒரு பெரியவர், ‘இந்தத் துந்த் (பனிமூட்டம்) விழுந்தால் மணி கனமாகப் பிடிக்கும்’ என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் நடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டிண்டாவில் மூன்று நாள் கிராமத்துக்குப் போக வழியில்லாமல் கிடந்தபோது தினமும் கிலா முபாரக் கோட்டைக்குப் போனேன். ஊர் நடுவே, கடைத்தெருவிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கிற செங்கல் மலை. சிறு செங்கற்களால் கட்டிய மிகப் பழைய கோட்டை. டெல்லி சிம்மாசனத்தில் அமர்ந்த ரஸியா சுல்தானாவை 1240இல் இங்கேதான் சிறை வைத்தார்கள். பனிக்குள் அந்த மதிலின் உச்சி தெரியாது. அடி மட்டும் தெரியும். உள்ளே சில பகுதிகளுக்குப் போக விடமாட்டார்கள். போகிறவர்கள் மதியத்துக்கு மேல் போங்கள்.

அடுத்த தவறுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. டிசம்பர் 26 அன்று ஒருவழியாகத் தல்வண்டி சாபோ பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நடுவீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், கித்தா ஆடிக் காட்டுங்கள், கல்யாணப் பாட்டு பாடுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒரு பெண் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு பெரியம்மாதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார். இந்த வாரம் சீக்கியர்களின் பத்தாவது குருவான கோவிந்த் சிங்கின் நான்கு பிள்ளைகளையும் நினைக்கிற வாரம். மூத்தவர்கள் இருவரும் சம்கௌரில் சண்டையில் இறந்தார்கள். சிறுவர்களான ஸோராவர் சிங்கையும் ஃபதே சிங்கையும் சிர்ஹிந்தில் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினார்கள். பாட்டி மாதா குஜ்ரியும் அங்கேதான் உயிர்விட்டார். பல வீடுகளில் இந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. வயதானவர்கள் சிலர் கட்டிலில் படுக்காமல் தரையில் படுப்பார்கள். அந்தப் பெரியம்மாவே தரையில்தான் படுக்கிறாராம், முழங்கால் வலியோடு. இழவு வீட்டில் போய் நலங்குப் பாட்டு கேட்டவள் போல உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. சூடான பால் கொடுத்து, இதே சிர்ஹிந்தில் முகலாய ஆளுநரின் சபையில் அந்தக் கொடுமையை எதிர்த்துப் பேசியவர் மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் என்றும், அதனால்தான் 1947இல் சுற்றிலும் ரத்தம் ஓடியபோதும் மலேர்கோட்லாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தையும் தொடவில்லை என்று தங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள் என்றும் சொன்னார்.

ஆகவே, போகும் முன் நானக்ஷாஹி நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த நாள் கொண்டாட்டம், எந்த நாள் துக்கம் என்று தெரியாமல் யார் வீட்டு வாசலையும் மிதிக்காதீர்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் சிர்ஹிந்தை ஒட்டிய ஃபதேகர் சாஹிபில் பெருங்கூட்டம் கூடும். சாலை நெடுக லங்கர் (இலவசப் பொதுச் சமையல்) போட்டு வண்டிகளை நிறுத்தி டீயும் பாலும் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடியுங்கள், மறுக்காதீர்கள். அன்றைக்கு இருட்டிவிட்டதால் தல்வண்டி சாபோவில் குருத்வாராவின் தங்குமிடத்தில் படுத்தேன். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தலையை மூடிக்கொள்ள ஒரு துணி, அடையாள அட்டை, இரண்டும் போதும். பாதுகாப்பான இடம், சாப்பாடும் உண்டு. தல்வண்டி சாபோவில் உள்ள தம்தமா சாஹிப் சீக்கியர்களின் ஐந்து தக்த்களில், அதாவது உயர்ந்த சமய பீடங்களில் ஒன்று. பிள்ளைகளை இழந்த பிறகு குரு கோவிந்த் சிங் 1706இல் இங்கே மாதக்கணக்கில் தங்கி, பாய் மணி சிங் எழுத, அவர்களுடைய புனித நூலான கிரந்தத்தின் முழுப் பாடத்தை உருவாக்கினார் என்பது மரபு. குருவின் காசி என்கிறார்கள். அந்த இரவு அந்த மண்டபத்தில் கேட்ட பாட்டு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

இனி துணிக்கு வருகிறேன். கிராமங்களில் கேட்டால் ‘அம்மா காலத்தில் இருந்தது, இப்போ இல்லை’ என்றார்கள். நான் சோர்ந்துபோனேன். வருடக் கடைசியில், ஒரு நகரத்தில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் ‘நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சைஞ்சி’ என்று ஒன்றை விரித்துக் காட்டினார்கள். யானை, மயில், ரயில், எல்லாம் இருந்தது. 45,000 சொல்லி 28,000க்கு இறங்கியதும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஊசி பிடிக்கத் தெரிந்த நான் துணியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ரசீதில் ‘பழைய துணி ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்ததையும் கவனிக்கவில்லை.

திருச்சியில் என் பக்கத்து வீட்டுப் பையன் ராணுவத்தில் பட்டிண்டா கண்டோன்மென்டில் இருந்தவன். அவனோடு வேலை பார்த்தவரின் ஊர் மான்சா பக்கம். ‘அவங்க வீட்டுக்குப் போங்கக்கா’ என்று கிளம்பும்போதே எண் கொடுத்திருந்தான். முன்பின் தெரியாதவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று நான் கூப்பிடவே இல்லை. பணம் கரைந்த பிறகு, ஜனவரி 6ஆம் தேதி கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப்போனார்கள். ‘பதினஞ்சு நாளா ஹோட்டல்லயா இருந்தீங்க’ என்று அந்த வீட்டு மருமகள் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு ஆள் அறிமுகத்தோடு போவது அங்கே தொந்தரவு இல்லை. அறிமுகம் இருந்தும் கூப்பிடாமல் இருந்தால்தான் அவர்களுக்கு மனசு கஷ்டப்படுகிறது.

அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் பேபே என்றார்கள். மால்வாவில் அம்மாவையும் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் பேபே என்றே கூப்பிட்டேன். அவர் என்னை ‘தீயே’, மகளே, என்றார். ஆண்கள் ஒருவரையொருவர் ‘பாயி’ என்கிறார்கள், அண்ணன் என்பதுபோல. இருபத்திரண்டுக்கும் அவர்கள் மொழியில் பாயி என்பதால் வண்டிகளில் 22 என்று எழுதிவைக்கிறார்கள்! மொழி பற்றி ஒன்று சொல்கிறேன். இந்தி தெரிந்தால் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். பஞ்சாபியில் சுருதி ஏறி இறங்கினால் பொருள் மாறும். மால்வாப் பேச்சில் ‘உங்களுக்கு’ என்பதற்குப் புத்தகத்தில் உள்ள ‘துஹானூ’ வராது, ‘தோனூ’ என்பார்கள். ஆனால் நமக்கு ஒரு வசதி உண்டு. கறுப்பு என்பதற்கு இந்திக்காரர்கள் ‘காலா’ என்பதை இவர்கள் நம் ‘ள’ போட்டுக் ‘காளா’ என்கிறார்கள். நான் அதைச் சரியாகச் சொன்னதும் பேபே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இரண்டாம் நாள் தைரியம் வந்து என் 28,000 ரூபாய்த் துணியை எடுத்துக் காட்டினேன். பேபேக்கு ஒரு கண்ணில் புரை. அவர் துணியைப் பார்க்கவே இல்லை. மடியில் போட்டுத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். ‘இது மெஷின்’ என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் மரச் சந்தூக்கைத் திறந்து, அடியிலிருந்து தன் அம்மாவின் சைஞ்சியை எடுத்துவந்து என் மடியில் போட்டார். கையில் வாங்கியபோதே எடை வேறாக இருந்தது.

அவர் காட்டிக்கொடுத்ததையும் என் தொழிலில் நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய ஃபுல்காரி பின்பக்கத்திலிருந்து போடுவது. கதரின் இழைகளை எண்ணி, பின்னால் ஓரிரு இழையை மட்டும் ஊசியால் கொத்தி, முன்னால் நீளமாகப் பட்டு நூலை விடுவார்கள். அதனால் முன்னால் பட்டு நிரம்பியிருக்கும், பின்னால் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் இருக்கும். மெஷின் வேலையில் பின்னால் பாபின் நூல் தொடர்ச்சியாக ஓடும். சோப் என்ற ஒரு வகை மட்டும் விதிவிலக்கு. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டி கொடுப்பது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பட்டு முறுக்காத நூல். அவர்கள் ‘பட்’ என்கிறார்கள். ஒரு இழையை உருவிக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாசனையோடு பொடிந்துபோகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பழைய கதர் கைத்தறி அகலம்தான் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று பட்டைகளை மூட்டிச் சேர்த்திருப்பார்கள். அந்த மூட்டுத் தையல் இல்லாமல் ஒரே அகலத் துணியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சைஞ்சியில் நூல் உதிர்ந்த இடங்களில் கருப்பு மைக் கோடு தெரியும். எங்காவது ஒரு மூலையில் ஒரு பூ மட்டும் நிறம் மாறியிருக்கும். கண்ணேறு படாமல் இருக்க வேண்டுமென்றே போடுவது. என் துணியில் எல்லாப் பூவும் சுத்தமாக ஒரே அச்சு. டீத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியிருந்தார்கள். இன்னொன்று, நூறு வருடம் கடந்த துணி என்று விற்பவர் சொன்னால் அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். ரசீதில் வயதையும் ‘கையால் செய்தது’ என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் திரும்பப் போய்க் கேட்டபோது அந்த ரசீதைக் காட்டித்தான் என்னை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஒரு வாரம் பேபே பேசினார், நான் கைபேசியில் பதிவு செய்தேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அவர் அம்மா காலத்தில் பருத்தி அவர்கள் வயலிலேயே விளைந்தது. நாட்டுப் பருத்தியைக் ‘கபாஹ்’ என்றும் பின்னால் வந்த அமெரிக்க வகையை ‘நர்மா’ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். குளிர்கால இரவுகளில் தெருப் பெண்களெல்லாம் ஒரு வீட்டில் ராட்டையோடு கூடி நூற்பார்கள். அதற்குத் த்ரிஞ்சன் என்று பெயர். பாட்டு, புறணி, அழுகை எல்லாம் அங்கேதான். நூற்ற நூலை ஊர் நெசவாளர் கதராக நெய்து தருவார். பட்டு மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவது. ஆக ஒரு ஃபுல்காரி முடிய, ஒரு வயல், ஒரு தெருப் பெண்கள், ஒரு நெசவாளர் குடும்பம் எல்லாம் வேண்டும். ஊசி மட்டும் தெரிந்தால் போதாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பருத்தியே இப்போது அந்தப் பக்கத்தில் குறைந்துகொண்டு வருகிறது. 2015இல் வெள்ளை ஈ, 2021இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பேபேயின் பேரனும் நெல்லுக்கு மாறிவிட்டார். அடுப்புக்குப் பருத்திக் குச்சி கிடைக்கவில்லை என்பதுதான் பேபேயின் குறை. அந்தக் குச்சித் தீயில் செய்த கடுகுக்கீரைக் கடைசலும் மக்காச்சோள ரொட்டியும் வேறு ருசியாம்.

மாலையில் ஆண்கள் அரசமரத்தடியில் சீட்டாடும் ‘சத்’தில் ஒரு தாத்தா வேறு கதை சொன்னார். அவர்கள் நிலம் பரம்பரையாக வந்ததில்லை. பட்டியாலா ராஜ்ஜியத்தில் பிஸ்வேதார் என்ற நிலக்கிழார்களுக்கு விளைச்சலில் பங்கு அளக்கும் முஸாராக்களாக, குத்தகைக்காரர்களாக இருந்தார்கள். பங்கு தரமாட்டோம் என்று எழுந்தபோது, 1949 மார்ச்சில் மான்சா பக்கம் கிஷன்கர் கிராமத்துக்கு ராணுவத்தையே அனுப்பினார்கள். உயிர்கள் போயின. அதற்குப் பிறகு சட்டம் வந்துதான் நிலம் உழுதவர் பெயருக்கு மாறியது. ‘கோட்டை பார்க்க வந்தாயா? இந்த நிலம்தான் எங்கள் கோட்டை’ என்றார்.

ஜனவரி 14 முக்த்சர். அந்த ஊரின் பழைய பெயர் கித்ரானா. ஒரு குளம்தான் அதன் அடையாளம். அனந்த்பூரில் முகலாயர் முற்றுகையின்போது நாற்பது பேர் குரு கோவிந்த் சிங்கிடம் ‘இனி நீங்கள் எங்கள் குரு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். மாயி பாகோ என்ற பெண் அவர்களை வெட்கப்படுத்தித் திரும்ப அழைத்துவந்தார். குருவைத் துரத்திவந்த முகலாயப் படையை அவர்கள் இந்தக் குளத்தின் கரையில் நின்று மறித்தார்கள். சுற்றிலும் வறண்ட காடு. குடிக்க அந்த ஒரு நீர்தான். தண்ணீர் கிடைக்காமல் அந்தப் படை திரும்பியது. சாகும் தறுவாயில் மஹா சிங் கேட்டுக்கொண்டபடி குரு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். முக்தி பெற்ற நாற்பது பேரால் ஊர் முக்த்சர் ஆயிற்று. ஒரு குளத்துக்காக ஒரு சண்டை நடந்த அதே மாவட்டத்தில் இப்போது பல வயல்களில் உவர்நீர் மேலேறி நிற்கிறது. ‘சேம்’ என்கிறார்கள். கிழக்கே சங்ரூர், பர்னாலாவிலோ ஆழ்குழாய்கள் வருடா வருடம் இன்னும் கீழே போகின்றன.

அந்தக் கூட்டத்தில் என் கைபேசி போய்விட்டது. எப்போது, எங்கே, தெரியாது. குளக்கரையில் படம் எடுத்தேன், லங்கரில் உட்காரும்போது பையில் இல்லை. புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. போன் போனால் போகட்டும், பேபேயின் ஆறு மணி நேரம் போய்விட்டதே! வேறெங்கும் பிரதி எடுத்துவைக்கவில்லை. கிராமத்தில் சிக்னல் மோசம், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அன்றைக்கு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அழுததைத்தான் மேலே சொன்னேன். தயவுசெய்து, யார் பேச்சைப் பதிவு செய்தாலும் அன்றன்று இரவே ஒரு மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ இறக்கி, அதை வேறு பையில் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு நோட்டில் முக்கியமானதைக் கையால் எழுதுங்கள். மேளாவுக்குப் பொத்தான் போன் ஒன்றோடு போங்கள். தொலைந்தால் காவல்நிலையப் புகார் எண்ணை வைத்து சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசியை முடக்கலாம். நான் அதை நான்கு நாள் கழித்துத்தான் செய்தேன்.

15ஆம் தேதி பேபே வீட்டுக்குத் திரும்பிப் போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மருமகள்தான் சொன்னார். பேபே, ‘வாய் இங்கேதானே இருக்கு’ என்று மறுபடி ஆரம்பித்தார். ஆனால் அதே கதைகளைச் சொல்லவில்லை. இந்தத் தடவை, அந்தச் சைஞ்சிக்குக் கதர் நெய்த நெசவாளர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு வீடு தள்ளி இருந்த முஸ்லிம் குடும்பம். 1947இல் ஒரே இரவில் கிளம்பினார்கள். தறியில் பாதி நெய்த துணி இருந்தது; யாருடையது என்று தெரியாமல் அது வெகுநாள் அப்படியே கிடந்தது. பேபேக்கு அப்போது ஏழெட்டு வயது. அந்த வீட்டுப் பெண்ணோடுதான் விளையாடுவாராம். அவள் பெயரை மூன்று தடவை சொன்னார். முதல் வாரம் முழுக்கச் சொல்லாததை ஏன் இப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதை நான் பதிவு செய்யவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் அவர் ஒரு துண்டுக் கதரை மடியில் விரித்து, என்னைப் பின்பக்கத்தைப் பார்க்கும்படி உட்கார வைத்து இழை எண்ணச் சொன்னார். கண் சரியாகத் தெரியாததால் அவர் விரலாலேயே எண்ணினார். நான் தப்பாக எண்ணியபோதெல்லாம் கையைத் தட்டினார். மதியம், பேரனிடம் பேனாவை வாங்கினார். அந்தத் துணியில் ஒரு கிணறு வரைவார் என்று நினைத்தேன். ‘உன் கண்ணால் பார்த்ததைத்தான் போட வேண்டும்’ என்று சொல்லி, பெட்டி பெட்டியாக ஒரு ரயில் வரைந்தார். எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்டார். ஒன்பது என்றேன். ஒன்பது பெட்டி வரைந்துவிட்டு, சுற்றிலும் இருக்கும் இடத்தையெல்லாம் வெள்ளைப் பட்டால் நிரப்பச் சொன்னார், துந்துக்கு. நான்காவது பெட்டியில் இருக்கிறேன். வெள்ளை நூல் இரண்டு கண்டு தீர்ந்து, மூன்றாவது பிரித்திருக்கிறேன்.